தொட்டுப் பிடிக்கும் புரதங்கள்: கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் யாரைப் பிடிக்கிறது, எப்படி?

கோவிட் நோயைத் தரும் சார்ஸ்-கோவ்-2 வைரஸின் மொத்தச் சொத்து, ஏறக்குறைய 29,900 எழுத்துகள் கொண்ட ஒரே ஓர் ஆர்என்ஏ இழை. அதை வைத்து அது செய்துகொள்ளக்கூடிய புரதங்கள் 29 வரைதான். நம் செல்லிலோ புரதத்துக்கான மரபணுக்கள் மட்டுமே சுமார் 20,000. வைரஸிடம் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் இல்லை, ஆற்றல் உண்டாக்கும் வழி இல்லை, சவ்வு செய்யும் பட்டறை இல்லை. ஆகவே செல்லுக்குள் நுழைவதிலிருந்து வெளியேறுவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் நம்முடைய புரதம் ஏதாவது ஒன்றை அது பிடித்தாக வேண்டும்.

இந்தப் பிடித்தலுக்குப் பாடப்புத்தகப் பெயர் 'புரத ஊடாட்டம்'. பெயர்தான் கனம். ஒரு புரதத்தின் மேற்பரப்பு இன்னொன்றின் மேற்பரப்பில் போய் ஒட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் 'ஒட்டுகிறது' என்பதோடு கதை முடிந்துவிடுவதில்லை. எந்த இடத்தில், எவ்வளவு இறுக்கமாக, ஒட்டியதால் செல்லில் எந்த வேலை நின்றது என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்தத் தகவலால் பயன் உண்டு. கடந்த சில வருடங்களில் வந்த செய்திகளில் பெரும்பாலானவை முதல் வரியோடு நின்றுவிட்டன.

ஒட்டுவது எப்படி

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை மணிபோலக் கோத்த சங்கிலி. கோத்த பிறகு அது சுருண்டு மடிந்து ஓர் உருவம் எடுக்கிறது. லைசின், ஆர்ஜினின் போன்ற மணிகளுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. அஸ்பார்ட்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம் ஆகியவற்றுக்கு எதிர்மின்னூட்டம். லூசின், மெத்தியோனின் போன்றவை எண்ணெய்த் துளி மாதிரி. தண்ணீரை ஒதுக்கிவிட்டுத் தங்களுக்குள் ஒண்டிக்கொள்ளும். இரண்டு புரதங்கள் சந்திக்கும்போது நேர்மின்னுக்கு எதிரே எதிர்மின் வந்தால் இழுக்கும். எண்ணெய்த் துளிக்கு எதிரே ஒரு பள்ளம் இருந்தால் போய் உட்காரும். இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பிடிகள் பத்து இருபது சேர்ந்ததுதான் ஓர் ஒட்டுதல்.

பூட்டு, சாவி என்று பள்ளியில் சொல்லித்தருவார்கள். அந்த உவமை பாதிதான் சரி. பூட்டு ஒன்று திறக்கும், அல்லது திறக்காது. புரதங்கள் ஒட்டும், விலகும், மறுபடி ஒட்டும். எந்தச் செறிவில் பாதிப் புரதங்கள் ஒட்டிய நிலையில் இருக்கின்றன என்று அளந்து அதை ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். எண் சிறியதாக இருந்தால் பிடி இறுக்கம்.

இதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. வைரஸின் மேல் முள்ளாக நிற்கும் ஸ்பைக் புரதத்துக்கும் அது பிடிக்கும் நம் செல்லின் ஏசிஇ2 புரதத்துக்கும் இடையிலான பிடியை 2020-இல் அளந்த குழுக்களில் ஒன்று சுமார் 15 நானோமோலார் (செறிவின் அலகு) என்றது, இன்னொன்று 4.7 என்றது, மற்றொன்று 1.2 என்றது. யாரும் பொய் சொல்லவில்லை. முழு ஸ்பைக்கை எடுத்தார்களா, ஒட்டும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்களா, எதைக் கருவியின் தகட்டில் பொருத்தினார்கள், எதைக் கரைசலில் ஓடவிட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒரே ஆய்வுக்குள் இருக்கும் இரண்டு எண்களை ஒப்பிடலாம்; இரண்டு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வாசலில்: ஸ்பைக்கும் ஏசிஇ2-வும்

ஸ்பைக் 1,273 அமினோ அமிலங்கள் நீளமானது. மூன்று ஸ்பைக் சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிக்கொண்டுதான் வைரஸின் மேல் தெரியும் ஒரு முள் ஆகிறது. ஒவ்வொரு சங்கிலியிலும் 319 முதல் 541 வரையிலான பகுதிதான் ஏசிஇ2-வைப் பிடிக்கும் கை. அந்தக் கை எப்போதும் நீட்டியபடி இருப்பதில்லை. மடங்கிக் கிடக்கும்போது ஏசிஇ2-வைத் தொட முடியாது. எழுந்து நின்றால்தான் முடியும். சங்கிலிக்கு 22 இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. அவை நோய் எதிர்ப்புப் புரதங்கள் கண்ணில் படாமல் ஸ்பைக்கைப் போர்த்தி வைக்கின்றன.

ஏசிஇ2 வைரஸுக்காகப் படைக்கப்பட்டதல்ல. ஆஞ்சியோடென்சின்-2 என்ற, ரத்தக் குழாயைச் சுருக்கும் சிறு மூலக்கூறின் நுனியிலிருந்து ஓர் அமினோ அமிலத்தை வெட்டி அதன் வீரியத்தைத் தணிக்கும் நொதி அது. ஸ்பைக் வந்து உட்காருவது அந்த வெட்டும் பிளவில் அல்ல, மேலே வெளிப்புறமாக இருக்கும் சுருளில். இதனால்தான் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டால் கோவிட் கூடுமோ என்று 2020-இல் எழுந்த பீதிக்கு வலுவான அடிப்படை இருக்கவில்லை. எனலாப்ரில் வகை மாத்திரைகள் தடுப்பது ஏசிஇ என்ற வேறொரு நொதியை. பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. அந்த மாத்திரைகளை நிறுத்திப் பார்த்த சோதனைகளிலும் நிறுத்தியதால் நன்மை எதுவும் தெரியவில்லை.

இப்போது இந்தத் தொடுகையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஸ்பைக்கின் 417-ஆம் இடத்தில் லைசின், நேர்மின். அதற்கு எதிரே ஏசிஇ2-வின் 30-ஆம் இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம், எதிர்மின். இரண்டும் கைகோத்து நிற்கின்றன. கொஞ்சம் தள்ளி, ஸ்பைக்கின் 501-ஆம் இடத்தில் அஸ்பராஜின். அதைச் சுற்றி ஏசிஇ2-வின் 41-ஆம் இடத்து டைரோசினும் 353-ஆம் இடத்து லைசினும்.

'என்501ஒய்' என்று செய்திகளில் வந்தது இந்த இடம்தான். முதல் எழுத்து பழைய அமினோ அமிலம், எண் இடம், கடைசி எழுத்து புதிய அமினோ அமிலம்: 501-இல் அஸ்பராஜின் போய் டைரோசின் வந்தது. டைரோசினுக்குத் தட்டையான பெரிய வளையம் ஒன்று உண்டு. அது எதிரே உள்ள டைரோசினோடும் லைசினோடும் இன்னும் நன்றாகப் பொருந்தியது; பிடி இறுகியது. ஆல்ஃபா திரிபில் இது இருந்தது. இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. எலியின் ஏசிஇ2-வில் 353-ஆம் இடத்தில் லைசினுக்குப் பதில் ஹிஸ்டிடின். பழைய வைரஸால் சாதாரண ஆய்வக எலியைத் தொற்ற முடியவில்லை. அதனால்தான் மனித ஏசிஇ2 மரபணு சேர்த்த எலிகளைத் தேடி ஆய்வகங்கள் அலைந்தன. 501 மாறியதும் சாதாரண எலியையே வைரஸ் பிடித்தது.

417-இன் கதை எதிர்ப்பக்கம் போனது. பீட்டா திரிபில் அந்த லைசின் அஸ்பராஜின் ஆனது. மின்பிடி அறுந்தது, ஏசிஇ2-வைப் பிடிப்பதில் வைரஸுக்கு நஷ்டம். ஆனால் அதே லைசினைக் குறிவைத்து ஒட்டிக்கொண்டிருந்த பல எதிர்ப்புப் புரதங்களும் பிடி இழந்தன. கூடவே வந்த 501 மாற்றம் நஷ்டத்தை ஈடுகட்டியது. ஒமைக்ரானில் இந்தக் கையில் மட்டுமே 15 மாற்றங்கள்; சில பிடியைத் தளர்த்தின, 498-இல் ஆர்ஜினின் வந்ததுபோன்ற சில புதிய மின்பிடிகளைக் கட்டின. கொடுக்கல் வாங்கல் கணக்குத்தான். ஒரு திரிபில் ஒரு மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்து 'இது ஆபத்து' என்று சொல்வது அந்தக் கணக்கில் வரவை மட்டும் படித்துக் காட்டுவது.

வெட்டாமல் உள்ளே போக முடியாது

ஏசிஇ2-வைப் பிடித்ததால் மட்டும் வைரஸ் உள்ளே போய்விடாது. ஸ்பைக்கை நம் நொதிகள் இரண்டு இடங்களில் வெட்ட வேண்டும். முதல் வெட்டு, வைரஸ் உருவாகும் செல்லிலேயே ஃபியூரின் என்ற நொதி போடுவது. ஸ்பைக்கின் 682 முதல் 685 வரை ஆர்ஜினின், ஆர்ஜினின், அலனின், ஆர்ஜினின் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஃபியூரினுக்குப் பிடித்தமான வரிசை. இரண்டாவது வெட்டு, புது செல்லைத் தொட்ட பிறகு. இதை இரண்டு பேர் செய்யலாம். செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 செய்தால் வைரஸ் அங்கேயே, வாசலிலேயே, சவ்வோடு கலந்து உள்ளே வருகிறது. அந்த நொதி இல்லாத செல்லில் வைரஸ் ஒரு சவ்வுப் பையில் விழுங்கப்பட்டு, பை அமிலமான பிறகு கத்தெப்சின்-எல் என்ற நொதியால் வெட்டப்படுகிறது.

இந்த இரட்டை வழி தெரியாமல் போனதன் விலை பெரியது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் அந்தப் பையின் அமிலத்தன்மையைக் குறைக்கும். வீரோ செல்களில் சோதித்தபோது வைரஸ் நன்றாகவே கட்டுப்பட்டது. வீரோ என்பது ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்வகை. அதில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இல்லை என்றே சொல்லலாம். அங்கே வைரஸுக்குப் பை வழி ஒன்றுதான். மனித நுரையீரல் செல்வகையான கலு-3-இல் சோதித்ததும் மருந்து ஒன்றும் செய்யவில்லை. வைரஸ் வாசல் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. அதற்குள் 2020 மார்ச்சில் இந்தியாவில் ஐசிஎம்ஆர் மருத்துவப் பணியாளர்களுக்கு இதைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்திருந்தது. ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி சோதனை, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு இதனால் பலனில்லை என்று அறிவித்தது. எந்த செல்லில் சோதித்தார்கள் என்ற ஒரு வரியை முதலிலேயே எல்லாரும் படித்திருக்கலாம்.

வீரோ செல்லில் இன்னொரு தொல்லையும் உண்டு. வைரஸை அதில் திரும்பத் திரும்ப வளர்த்தால் ஃபியூரின் வெட்டிடமே அழிந்துபோன வைரஸ்கள் பெருகிவிடும். அங்கே அது தேவையில்லை. இல்லாதது வேகமாக வளர்கிறது. குப்பியின் மேல் எழுதியிருப்பது ஒரு வைரஸ், உள்ளே இருப்பது வேறொன்று. அதனால் ஒவ்வொரு முறை வளர்த்த பிறகும் மரபணு வரிசையைப் படித்துப் பார்த்த பிறகே சோதனைக்கு எடுக்க வேண்டும்.

உள்ளே: தொழிற்சாலையைக் கைப்பற்றுவது

உள்ளே வந்த ஆர்என்ஏவிலிருந்து வரிசைப்படி முதலில் வருவது என்எஸ்பி1 என்ற புரதம். மொத்தம் 180 அமினோ அமிலம். இதன் வேலையை ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் 2020-இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமாகவே பிடித்துக் காட்டினார்கள். ரைபோசோமின் சிறிய பாதியில் செய்தி ஆர்என்ஏ, அதாவது புரதத்தின் செய்முறையை ஏந்தி வரும் இழை, நுழைவதற்கு ஒரு கால்வாய் உண்டு. என்எஸ்பி1-இன் வால் இரண்டு குட்டிச் சுருள்களாக மடிந்து அந்தக் கால்வாய்க்குள் அடைப்புபோலப் போய் உட்காருகிறது. ஊசியின் காதில் முன்கூட்டியே ஒரு துரும்பைச் செருகிவைத்த மாதிரி. நூல் எங்கே நுழையும்?

செருகி நிற்கவைப்பது முக்கியமாக 164-ஆம் இடத்து லைசினும் 165-ஆம் இடத்து ஹிஸ்டிடினும். இரண்டையும் அலனினாக மாற்றிப் பார்த்தால் வால் கால்வாயில் நிற்பதில்லை. ரைபோசோம் வழக்கம்போல் ஓடுகிறது. ஓர் ஒட்டுதல் உண்மையானது என்று நிரூபிக்க இதைவிட நல்ல வழி கிடையாது: தொடும் இடத்தை மட்டும் கெடுத்து, விளைவும் கெடுகிறதா என்று பார்ப்பது.

சரி, ரைபோசோமை அடைத்துவிட்டால் வைரஸின் சொந்தப் புரதங்கள் எப்படி வரும்? வைரஸின் ஒவ்வொரு செய்தி ஆர்என்ஏவின் தலையிலும் ஒரே முன்வரிசை இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே ஆர்என்ஏ கொண்டைஊசிபோல வளைந்து நிற்கும் ஒரு மடிப்பு. அந்த மடிப்பு இருக்கும் செய்திக்கு அடைப்பு பெரிதாகத் தடையாவதில்லை. அதை வெட்டி எடுத்துவிட்டால் வைரஸின் செய்தியும் நம்முடையதைப்போலவே மாட்டிக்கொள்ளும். இந்த நேரத்தில் செல் அவசரமாகச் செய்ய வேண்டியது இன்டர்ஃபெரான், அதாவது பக்கத்து செல்களுக்கான எச்சரிக்கைப் புரதம். அதையும் அதே ரைபோசோமில்தான் செய்தாக வேண்டும்.

எச்சரிக்கை எப்படியோ வெளியே போய்விட்டாலும் அதைக் கேட்கும் இடத்தில் இன்னொரு தடை. ஓஆர்எஃப்6 என்ற, 61 அமினோ அமிலமே உள்ள வைரஸ் புரதம். செல்லின் உட்கருவுக்குள் போகவும் வரவும் துளைகள் உண்டு. அந்தத் துளையின் காவலில் இருப்பவை நப்98, ரே1 என்ற இரண்டு புரதங்கள். ஓஆர்எஃப்6-இன் வாலில் 58-ஆம் இடத்தில் ஒரு மெத்தியோனின். அது, பணியாரக் குழியில் மாவு உட்காருவதுபோல, ரே1-இல் உள்ள எண்ணெய்ப்பசையான குழிக்குள் போய் உட்காருகிறது. செய்தி ஆர்என்ஏ வழக்கமாகத் தொடும் பள்ளத்தை அது அடைத்துக்கொள்கிறது. உட்கருவிலிருந்து செய்திகள் வெளியே வருவது தடுமாறுகிறது. இன்டர்ஃபெரான் வந்ததும் அந்தச் சேதியோடு உட்கருவுக்குள் ஓட வேண்டிய ஸ்டாட்1 என்ற நம் புரதம் வெளியே நின்றுவிடுகிறது. அந்த ஒரு மெத்தியோனினை ஆர்ஜினினாக மாற்றினால் எல்லாம் விலகிவிடும். கால்நடைகளுக்கு வாய்ப்புண் தரும் வெசிகுலர் ஸ்டொமடைட்டிஸ் வைரஸ் இதற்குச் சொந்தமே அல்ல. ஆனாலும் அதன் ஒரு புரதம் இதே பள்ளத்தில் இதே மெத்தியோனின் தந்திரத்தைச் செய்கிறது. நல்ல பலவீனம் எங்கே இருக்கிறதோ அங்கே பல திருடர்களும் வந்து சேர்கிறார்கள்.

ஓஆர்எஃப்9பி இன்னும் விசித்திரம். 97 அமினோ அமிலம். தனியாக இருக்கும்போது இரண்டு இரண்டாகச் சேர்ந்து தகடுபோல மடிந்திருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் உள்ள டாம்70 என்ற புரதத்தைக் கண்டதும் அதன் ஒரு பகுதி சுருளாக உருமாறி டாம்70-இன் பைக்குள் நுழைகிறது. ஒரே வரிசை, இரண்டு உருவம். பூட்டு-சாவி உவமை உடைந்துபோவது இங்கேதான். டாம்70 மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் புரதங்களை வரவேற்பதோடு, வைரஸ் வந்த சேதியை இன்டர்ஃபெரான் மரபணு வரை கடத்தும் சங்கிலியிலும் ஒரு கண்ணி. ஹெச்எஸ்பி90 என்ற உதவிப் புரதம் டாம்70-ஐப் பிடிப்பதுதான் அந்தச் சங்கிலியில் முக்கியம். ஓஆர்எஃப்9பி உட்கார்ந்ததும் அந்தப் பிடி தளர்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைரஸின் 'என்' (N) புரதம் நம் ஜி3பிபி1 புரதத்தைப் பிடித்து, செல் நெருக்கடியில் கூட்டும் துகள்கள் உருவாவதைக் குலைக்கிறது. 75 அமினோ அமிலமே உள்ள 'இ' (E) புரதத்தின் கடைசி நான்கு எழுத்துகள் பால்ஸ்1 என்ற, நுரையீரல் செல்களை நெருக்கமாக ஒட்டவைக்க உதவும் புரதத்தைப் பிடிக்கின்றன. ஓஆர்எஃப்3ஏ நம் விபிஎஸ்39 புரதத்தைப் பிடித்து, செல்லின் குப்பைப் பைகள் குப்பையைச் செரிக்கும் லைசோசோமோடு சேர்வதைத் தடுக்கிறது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

தூண்டில் போட்டுத்தான். 2020 மார்ச்சில் சான்ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நெவன் குரோகன் தலைமையிலான பெரிய குழு செய்த வேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முறையாக வெளியானது அந்த ஏப்ரல் இறுதியில். வைரஸின் 29 புரதங்களில் 26-ஐ ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். வைரஸையே கையாள வேண்டியதில்லை. அந்த ஒரு புரதத்தின் மரபணு போதும். அதன் நுனியில் ஸ்ட்ரெப் என்ற சிறு வால் ஒன்றைச் சேர்த்தார்கள். அதுதான் தூண்டிலின் கயிறு. மரபணுவை மனித செல்வகையான ஹெச்இகே293டி-க்குள் செலுத்தினார்கள். ஒரு தட்டுக்குச் சுமார் ஒரு கோடி செல்கள். ஏறக்குறைய 40 மணி நேரம் கழித்து செல்களை மென்மையான சோப்புக் கரைசலில் உடைத்து, ஸ்ட்ரெப் வாலைப் பிடிக்கும் காந்த மணிகளைப் போட்டு, கழுவி, பயோட்டின் சேர்த்து விடுவித்தார்கள். வைரஸ் புரதம் வரும்போது அது பிடித்திருந்த மனிதப் புரதங்களும் கூட வரும். டிரிப்சின் நொதியால் எல்லாவற்றையும் துண்டாக்கி, நிறைமானியில் துண்டுகளின் எடையை அளந்து, எது எந்தப் புரதம் என்று கணித்தார்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை. கிடைத்தது 332 நம்பகமான ஜோடிகள்.

ஒவ்வொரு படியிலும் ஏமாற இடம் உண்டு. கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பும் சோப்பும் அதிகமானால் மெலிதாகப் பிடித்திருந்தவை அடித்துக்கொண்டு போய்விடும். குறைந்தால் மணியிலேயே ஒட்டிக்கொண்ட குப்பையெல்லாம் வரும். ஹெச்எஸ்பி70, டியூபுலின், ரைபோசோம் புரதங்கள் போன்றவை எந்தத் தூண்டிலிலும் விழும். செல்லில் அவை அவ்வளவு அதிகம். கெராட்டின் வந்தால் அது பெரும்பாலும் செல்லிலிருந்தே வந்ததல்ல, சோதனை செய்தவரின் தோலிலும் முடியிலுமிருந்து உதிர்ந்தது. அதனால்தான் கட்டுப்பாட்டுச் சோதனை கட்டாயம். வைரஸ் புரதம் இல்லாத வெறும் கயிறு, அல்லது சம்பந்தமே இல்லாத பச்சை ஒளிர் புரதத்தில் கட்டிய கயிறு. அதிலும் வந்து விழுவதைக் கழித்துவிட வேண்டும்.

கழித்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையோடு நிற்பவரெல்லாம் சொந்தக்காரர் இல்லை. மாமாவோடு வந்த நண்பர் இருப்பார், படம் எடுப்பவரின் உதவியாளர்கூட இருப்பார். தூண்டிலில் வந்த புரதம் வைரஸ் புரதத்தை நேரடியாகப் பிடித்ததா, பிடித்ததன் கையைப் பிடித்து வந்ததா என்று இந்த முறை சொல்லாது. ஈஸ்ட் செல்லில் இரண்டே புரதங்களை வைத்துச் சோதிக்கும் முறை நேரடிப் பிடியைக் காட்டும். ஆனால் மனித செல்லின் சர்க்கரைப் போர்வையோ துணைப் புரதமோ தேவைப்படும் ஜோடி அதில் தவறிவிடும். தூண்டில் புரதத்தில் ஒரு நொதியை ஒட்டி, சுமார் 10 நானோமீட்டர் தூரத்துக்குள் வருபவை எல்லாவற்றின் மேலும் பயோட்டின் முத்திரை குத்தவைக்கும் முறையும் உண்டு. மெல்லிய பிடிகள்கூடப் பதிவாகும். சும்மா அந்தப் பக்கம் போனவரும் பதிவாவார். மூன்று முறைகளின் பட்டியல்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பொதுவாக இருப்பவை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. மூன்றிலும் வருவதை நம்பலாம். ஒன்றில் மட்டும் வருவதைத் துப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

கத்தரிக்கோல் புரதங்களுக்குத் தனிச் சூழ்ச்சி வேண்டியிருந்தது. வைரஸின் என்எஸ்பி5 ஒரு வெட்டும் நொதி. எதைப் பிடிக்கிறதோ அதை வெட்டி உடனே விட்டுவிடும். தூண்டிலை இழுத்தால் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் குரோகன் குழு 145-ஆம் இடத்து சிஸ்டீனை அலனினாக மாற்றி, மழுங்கிய கத்தரி ஒன்றையும் சேர்த்துப் போட்டது. மழுங்கியதில்தான் டிஆர்எம்டி1 என்ற மனிதப் புரதம் சிக்கியது. கூரான கத்தரி அதை உண்மையிலேயே வெட்டுகிறது என்பது பிற்பாடு வேறு ஆய்வுகளில் உறுதியானது.

ஒட்டினால் தேவையா?

அதே பட்டியலில் இருந்த இன்னொரு ஜோடி இப்படி ஜெயிக்கவில்லை. வைரஸின் ஓஆர்எஃப்10 என்ற குட்டிப் புரதம், ஸைக்11பி என்ற மனிதப் புரதம் வழியாகக் கல்2 என்ற, வேண்டாத புரதங்களுக்கு அழிவு முத்திரை குத்தும் இயந்திரத்தைப் பிடிக்கிறது என்று வந்தது. கேட்கவே கவர்ச்சியான கதை. 2021-இல் வேறொரு குழு ஸைக்11பி-யை செல்லிலிருந்தே நீக்கிப் பார்த்தது. வைரஸ் வழக்கம்போல் வளர்ந்தது. ஒட்டுதல் இருந்தது உண்மை. தொற்றுக்கு அது தேவைப்படவில்லை. செல்லுக்குள் அளவுக்கு மீறி ஒரு புரதத்தைத் திணித்தால் அது வழக்கமாகப் பார்க்காத ஆட்களையும் பிடிக்கும்.

இன்னும் சிக்கலானது சிக்மா ஏற்பிகள் என்ற மனிதப் புரதங்களின் விவகாரம். என்எஸ்பி6 சிக்மா1-ஐயும் ஓஆர்எஃப்9சி சிக்மா2-வையும் பிடிப்பதாகப் பட்டியல் சொன்னது. சிக்மாவோடு ஒட்டும் பழைய மருந்துகள் ஏராளம். சோதித்தால் பல மருந்துகள் செல்லில் வைரஸை அடக்கின. எல்லாம் பொருந்திவந்த மாதிரி இருந்தது. 2021-இல், முதல் ஆய்வில் பங்கேற்றவர்களும் இருந்த ஒரு குழுவே அதை உடைத்தது. அந்த மருந்துகளில் பல, ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எண்ணெய்த்தன்மையும் உடையவை. அவை லைசோசோமில் சேர்ந்து செல்லைக் கொழுப்பால் வீங்கவைக்கும். வைரஸ் அடங்கியது இந்த வீக்கத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கியது, சிக்மாவைப் பிடிக்கும் வலுவோடு அல்ல. சிக்மாவை இறுக்கிப் பிடித்தும் வீக்கம் தராத வேதிப்பொருள்கள் வைரஸை ஒன்றும் செய்யவில்லை. குளோரோகுயின், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் எல்லாம் இந்த வீங்கவைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். தாங்களே கிளப்பிய எதிர்பார்ப்பைத் தாங்களே சோதித்து இறக்கிவைத்தார்கள். இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத நேர்மை.

மருந்துக் கணக்கைப் பார்த்தால், வைரஸ் பிடிக்கும் மனிதப் புரதத்தை அடைப்பது என்ற வழி இதுவரை எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தரவில்லை. டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வை அடைக்கும் கேமோஸ்டேட், கணைய அழற்சிக்கு ஜப்பானில் ஏற்கெனவே இருந்த மருந்து. நுரையீரல் செல்லில் நன்றாக வேலை செய்தது. டென்மார்க்கில் மருத்துவமனை நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. பின்னால் வந்த ஒமைக்ரான் அந்த நொதியை அவ்வளவாக நம்பியும் இல்லை. ஜெயித்த கோவிட் மருந்தான நிர்மட்ரெல்விர் போய்ப் பிடிப்பது வைரஸின் சொந்தக் கத்தரியை, அதே என்எஸ்பி5-இன் 145-ஆம் சிஸ்டீனை. அந்தக் கத்தரி குளூட்டமினுக்குப் பின்னால் வெட்டுவது. நம் நொதிகளில் அப்படி வெட்டுபவை அரிது என்பதால் மருந்து நம்மைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. கூடவே தரும் ரிட்டோனவிர் வைரஸைத் தொடுவதே இல்லை. நிர்மட்ரெல்விரைச் சிதைத்துவிடும் சிஒய்பி3ஏ4 என்ற நம் கல்லீரல் நொதியை அது அடைத்துவைக்கிறது. அந்த நொதியை நம்பியிருக்கும் வேறு மாத்திரைகளின் அளவும் ரத்தத்தில் ஏறுவதால்தான், இதைக் கொடுக்கும் முன் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்கிறார்.

ஓஆர்எஃப்6-க்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 2022-இன் தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பரவிய ஒமைக்ரானின் பிஏ.2 கிளையில் அந்தப் புரதத்தின் கடைசி எழுத்து, 61-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம், லூசின் ஆகியிருந்தது. 58-ஆம் மெத்தியோனினிலிருந்து மூன்றே இடம் தள்ளி. ஆய்வகத்தில் பார்த்தபோது நப்98, ரே1 மீதான பிடி தளர்ந்திருந்தது. இன்டர்ஃபெரான் தடுப்பும் குறைந்திருந்தது. அப்படியிருந்தும் பிஏ.2 பரவுவதில் எந்தக் குறையும் வைக்கவில்லை; அந்த வேலையை என்எஸ்பி1-உம் ஓஆர்எஃப்9பி-யும் இன்னும் சிலவும் பங்குபோட்டுச் செய்கின்றன. அதற்குப் பிறகு பிஏ.5 வந்தது. அதன் 61-ஆம் இடத்தில் பழைய அஸ்பார்ட்டிக் அமிலமே திரும்பியிருந்தது.